துறப்பணத்தின் கதை: ஒரு துளைக்குப் பின்னால் ஒன்பதாயிரம் ஆண்டுகள்

சுவரில் ஒரு படத்தை மாட்டுவதற்கு இன்று எவரும் மேசனையோ தச்சரையோ தேடிப் போவதில்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இரும்புச் சாமான் விற்கும் கடைகளில் மின்துறப்பணம் தாராளமாகக் கிடைக்கிறது. 'ட்றில் மெசின்' என்று பேச்சுவழக்கில் நாம் சொல்லும் கருவி அதுதான். வாங்கியவர் பெட்டியைப் பிரிக்கிறார், கருவியை எடுக்கிறார், கூடவே வரும் சிறு கையேட்டை ஒருபுறம் போட்டுவிட்டுச் சுவரை நோக்கி நடக்கிறார். ஓடு வெடிக்கிறது, அலகு நீலம் பாரிக்கிறது, சில வேளைகளில் அதைவிடப் பாரதூரமானவையும் நிகழ்கின்றன.

வரலாற்றில் ஈடுபாடு கொண்டவன் என்ற முறையில் அந்தக் கையேட்டை நான் வேறொரு கண்கொண்டு வாசிப்பதுண்டு. கண்ணாடிக்கு நீர் விடு, உருக்குக்கு வேகத்தைக் குறை, சாவியைச் சக்கில் விட்டுவைக்காதே, தூசியைச் சுவாசிக்காதே என்று அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு முன்கதை இருக்கிறது. சில வரிகள் கைவினைஞரின் பொறுமையால் எழுதப்பட்டவை. வேறு சில, மனித உயிர்களைக் கொடுத்து எழுதப்பட்டவை.

துறப்பணம் என்பது நமது தச்சர்களின் சொல். தமரூசி என்ற சொல்லும் தமிழில் உண்டு. தமர் என்றால் துளை. மின்சாரம் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே இக்கருவிக்கு நம்மிடம் பெயர் இருந்தது என்பதை முதலில் நினைவிற் கொள்வோம்.

கல்லும் பொறுமையும்

பாகிஸ்தானின் பலுசிஸ்தான் பகுதியிலுள்ள மெஹர்கர் என்னுமிடத்தில், 7,500 முதல் 9,000 ஆண்டுகள் வரை பழைமையான புதைகுழிகளிலிருந்து ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை அனைத்திலும் துளையிடப்பட்டிருந்தது. துளையின் விளிம்புகள் மழுங்கியிருந்தமையால், அவர்கள் உயிரோடிருந்தபோதே அத்துளைகள் இடப்பட்டன என்பது உறுதியாயிற்று. 2006ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் இந்த ஆய்வு வெளிவந்தது. தீக்கல் முனை பொருத்திய வில்துறப்பணத்தால் பல்லின் மிளிரியை ஒரு நிமிடத்துக்குள் துளைக்க முடியும் என்பதையும் ஆய்வாளர்கள் செய்து பார்த்துக் காட்டினர். பல்லைத் துளைத்த அந்தக் கை எங்கே பயின்றிருக்கும்? அதே ஊரில் கல்மணிகள் செய்த தொழிலாளரின் கைவண்ணமே அது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மணித்தொழிலின் உச்சத்தைச் சிந்துவெளியிற் காணலாம். அங்கே செய்யப்பட்ட நீண்ட சூதுபவள மணிகள் சில பத்துச் சென்ரிமீற்றரையும் தாண்டியவை. அவற்றின் நடுவே நூல் கோப்பதற்கான துளை, நுனி முதல் நுனி வரை செல்கிறது. 1935-36இல் சன்ஹுதாரோவை அகழ்ந்த ஏர்னஸ்ட் மக்கே அங்கே கல்லாலான துறப்பண முனைகளைக் கண்டெடுத்தார். அந்தக் கடினமான கல்வகைக்குப் பின்னாளில் அவரது நினைவாகவே 'ஏர்னஸ்ரைற்' என்று பெயரிட்டனர். அதே முறையில் துளையிட்டுப் பார்த்த ஆய்வாளர் மார்க் கெனோயர், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் ஆழமே துளைக்க முடிந்ததெனக் கண்டார். ஆறு சென்ரிமீற்றர் மணி ஒன்றுக்கே மூன்று நாள் வேலை! அவசரப்பட்டு அழுத்தினால் வெப்பமேறி மணி பிளந்துவிடும். அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.

பின்னர் வைரமுனை வந்தது. தமிழகத்தின் அரிக்கமேட்டிலும் கொடுமணலிலும் கல்மணித் தொழில் செழித்திருந்தது. குஜராத்தின் காம்பத் நகர மணித்தொழிலாளர் நுண்ணிய இரு வைரத்துணுக்குகள் பதித்த முனையை வில்லால் சுழற்றும் முறையை நம் காலம் வரை காப்பாற்றி வந்தனர். நமது நாட்டுக்கும் இதில் பங்குண்டு. பல் மருத்துவத் துறையைச் சேர்ந்த குவினெற், கொரெலிக் ஆகிய இரு ஆய்வாளர்கள் பண்டைய மணிகளின் துளைகளுக்குள், பல்லுக்கு அச்செடுப்பதைப் போலவே அச்செடுத்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். இலங்கையில் கிடைத்த, கி.பி. 700க்கும் 1000க்கும் இடைப்பட்ட மணிகளில் வைரமுனையின் தடங்களை அவர்கள் இனங்கண்டனர். மெஹர்கரில் மணித்தொழிலாளர் பல்லைத் துளைத்தார்கள் என்றால், இங்கே பல் மருத்துவம் கற்றவர்கள் மணித்தொழிலாளரின் தடத்தைப் படித்திருக்கிறார்கள்.

இதிலிருந்து இன்றைய குளியலறைச் சுவருக்கு வருவோம். மாபிள், கண்ணாடி, மினுக்கிய தரையோடு ஆகியவை அழுத்தத்துக்குப் பணிவதில்லை. அவற்றைத் தேய்த்தே துளைக்க வேண்டும். தேய்ப்பதற்கு அவற்றிலும் கடினமான முனை வேண்டும். வெப்பத்தைத் தணிக்க நீர் வேண்டும். குறைந்த வேகம் வேண்டும். ஓட்டின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, அதன்மேல் குறியிட்டுத் தொடங்கினால் அலகு வழுக்காது. இடித்துத் துளைக்கும் 'ஹமர்' விசையை ஓட்டில் ஒருபோதும் போடலாகாது. ஓட்டைக் கடந்து சுவரைத் தொட்ட பின்னரே அதற்கு வேலை. நீரையும் மின்கருவியின் மீது ஊற்றக் கூடாது. ஈரப் பஞ்சினால் துளையின் வாயை நனைத்துக்கொண்டிருந்தாற் போதும்.

உருக்கும் சுருளும்

எகிப்தின் தீப்ஸ் நகரில், கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரோவியத்தில் தச்சர்கள் வில்துறப்பணத்தால் மரத்தைத் துளைக்கும் காட்சி இருக்கிறது. அந்த வில்லை நம்மூர்த் தச்சர் ஒருவரின் கையிற் கொடுத்திருந்தால் அவர் தயக்கமின்றி வேலையைத் தொடங்கியிருப்பார். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கருவி பெரிதாக மாறவேயில்லை. வில்லின் குறைபாடு யாதெனில், கயிறு முன்னும் பின்னும் ஓடுவதால் அலகும் இருபுறமும் மாறி மாறிச் சுழலும். எனவே அலகைத் தட்டையாகவே செய்தனர். தட்டை அலகு வெட்டுவதைவிடச் சுரண்டுவதே அதிகம். சுரண்டிய துகளும் துளைக்குள்ளேயே தங்கிவிடும். மரத்தில் இதைச் சமாளிக்கலாம், இரும்பில் பெரும்பாடு.

1863ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி, அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்ரீபன் மோர்ஸ் என்பவர் முறுக்கு அலகுக்கு காப்புரிமை பெற்றார். உருக்குத் தண்டின் உடலில் இரண்டு சுருள் வாய்க்கால்கள். முனை வெட்டும், வாய்க்கால் துகளை வெளியே ஏற்றிவிடும். இன்று நமது கருவிப்பெட்டியில் கிடக்கும் சாதாரண அலகு இதுதான். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் பிரெட்ரிக் ரெயிலர், மவுன்செல் வைற் ஆகியோர் கண்டுபிடித்த அதிவேக உருக்கு காட்சிக்கு வைக்கப்பட்டது. முனை செந்தணலாகச் சிவந்த நிலையிலும் அது தொடர்ந்து வெட்டியதைக் கண்டு பொறியியலாளர்கள் வியந்தனர். அலகுகளில் 'எச்.எஸ்.எஸ்.' என்று பொறித்திருப்பது அந்த உருக்கையே குறிக்கிறது.

இரும்பைத் துளைப்பவர் மனத்திற் கொள்ள வேண்டியவை இரண்டு. அலகு பெருக்கப் பெருக்க வேகம் குறைய வேண்டும் என்பது ஒன்று. மென்னுருக்கில் 5 மில்லிமீற்றர் அலகுக்கு நிமிடத்துக்கு 1,600 சுற்றுகள் அளவு பொருந்துமாயின், 10 மில்லிமீற்றர் அலகுக்கு 800 போதும். துருப்பிடிக்காத உருக்குக்கு அதிலும் பாதி. அந்த உலோகத்தை வேகமாகச் சுழலும் அலகால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தால் அது மேலும் கடினமாகிவிடும். ஆகவே குறைந்த வேகத்தில், உறுதியான அழுத்தத்தோடு, எண்ணெய் விட்டுத் துளைக்க வேண்டும். துகள் வெளியேற வேண்டும் என்பது மற்றையது. நீண்ட சுருளாகத் துகள் ஏறிவருமாயின் எல்லாம் நலம். தூளாகிப் புகைந்தால் முனை மழுங்கிவிட்டது என்று பொருள்; அதற்குமேல் அழுத்துவதிற் பயனில்லை. தொடங்குமுன் 'சென்ரர் பஞ்ச்' கொண்டு ஒரு சிறு குழி தட்டிவிட்டால் அலகு அலையாது.

மரத்துக்கு நடுவில் கூர்முள் உள்ள அலகே ஏற்றது. மரத்தின் அடியில் வேறொரு பலகைத் துண்டை வைத்து அழுத்திப் பிடித்தால், அலகு வெளிவரும் பக்கத்தில் சிம்பு பெயராது.

பிடியும் விசையும்

அலகைப் பிடித்திருக்கும் வாயைச் 'சக்' என்கிறோம். முற்காலச் சக்குகளைப் புரியிறுக்கியால் முடுக்க வேண்டியிருந்தது. ஆர்தர் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர், அப்படி முடுக்கும்போது தம் விரல்முட்டிகளைக் காயப்படுத்திக்கொண்டதன் பின்னர்தான் வேறு வழி தேடினார் என்பர். 1902இல் காப்புரிமை பெற்ற அவரது சக்கை, பற்கள் கொண்ட சிறிய சாவியால் திருகி முடுக்கலாம். ஒரு காயத்திலிருந்து பிறந்த அந்தச் சாவியே வேறொரு காயத்துக்கும் வழிவகுத்தது. சாவியைச் சக்கில் விட்டுவிட்டு விசையை அழுத்தினால் அது எறிகணை போலப் பறக்கும். ஆதலால் முடுக்கிய கையோடு சாவியைக் கழற்றிவிட வேண்டும்.

மின்சாரத்தால் இயங்கும் துறப்பணத்துக்கான முதற் காப்புரிமையை 1889இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னொட், வில்லியம் பிரெய்ன் ஆகிய இருவரும் பெற்றனர். பாறையையும் நிலக்கரியையும் துளைக்க எண்ணிச் செய்த அது, தூக்கித் திரியக்கூடியதன்று. 1895இல் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரிலிருந்த ஃபெயின் நிறுவனம் கையிலேந்தும் மின்துறப்பணத்தை உருவாக்கியது. அதுவும் கனமானதே, இரு கைகளாற் பிடித்து மார்பினால் தள்ள வேண்டும்.

அமெரிக்காவின் போல்ரிமோர் நகரில் 1910இல் டங்கன் பிளாக், அலன்சோ டெக்கர் என்ற இரு நண்பர்கள் ஒரு சிறிய இயந்திரப் பட்டறையைத் தொடங்கினர். பிளாக் தமது காரை 600 டொலருக்கு விற்று முதல் திரட்டினார். அவர்கள் செய்த துறப்பணத்தில் கைத்துப்பாக்கியின் பிடியும், விரலால் அழுத்தும் விசையும் இருந்தன. அதற்கான காப்புரிமை 1917இல் கிடைத்தது. கொலைக்கருவியின் வடிவம் தொழிற்கருவிக்கு வந்து சேர்ந்த விந்தை இது. இரண்டாம் உலகப் போரின்போது ஆலைத் தொழிலாளர் துறப்பணங்களை வீட்டு வேலைக்காகக் கொண்டுசென்றதைக் கவனித்த அந்நிறுவனம், 1946இல் வீட்டுப் பாவனைக்கான மலிவான துறப்பணத்தைச் சந்தைக்கு விட்டது. 1961இல் மின்கலத்தால் இயங்கும் துறப்பணமும் வந்தது.

துப்பாக்கி விசையின் பெருமை அழுத்தினால் ஓடுவதில் மட்டும் இல்லை. விரலை எடுத்ததும் நின்றுவிடுவதில்தான் பெரிதும் இருக்கிறது. அலகு எங்கேனும் சிக்கிக்கொண்டால் அலகு நிற்கும், கருவி சுழலும். அப்போது பிடித்திருப்பவரின் மணிக்கட்டும் சேர்ந்து முறுகும். விசையை நாடாவால் கட்டி வைத்துவிட்டு வேலை செய்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் தமக்கென்று செய்துவைத்த பாதுகாப்பைத் தாமே அறுத்தெறிகிறார்கள். பக்கக் கைப்பிடியைப் பொருத்திக்கொள்வதும், துளைக்கும் பொருளை வைஸிலோ கிளாம்பிலோ இறுக்குவதும் இதற்காகவே. சிறிய தகட்டைக் கையாற் பிடித்துத் துளைத்தால், அலகு மறுபுறம் வெளிவரும் கணத்தில் தகடு விசிறி போலச் சுழன்று விரலை அரியும். கையுறையும் தொங்கும் கூந்தலும் சாரத்தின் தொங்கலும் சுழலும் அலகுக்கு இரையாகக்கூடியவை. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பத்திரிகை வாழ்வில் 'மின்சாரம் தாக்கி மரணம்' என்ற செய்தியை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், செம்மைப்படுத்தியிருக்கிறேன். பெயர், வயது, ஊர், பிரேத பரிசோதனை என நான்கு வரிகளுக்குள் அது முடிந்துவிடும். ஏன் நிகழ்ந்தது என்பதற்கு ஐந்தாவது வரி இருந்ததில்லை. வயர் உரிந்திருந்ததா, ட்ரிப் சுவிச் இருந்ததா, ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றாரா என்பதெல்லாம் நாளேட்டில் வந்ததில்லை. அந்த ஐந்தாவது வரியை இங்கே எழுதிவிடுகிறேன். 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் வீட்டில் இயங்குகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். சதுரத்துக்குள் சதுரம் பொறித்த, இரட்டைக் காவலிடப்பட்ட கருவியை வாங்குங்கள். அலகை மாற்றுமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கனடாவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவந்து தரும் கருவியின் அடியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். அங்கே 120 வோல்ற். நமது நாட்டில் 230. தகுந்த மின்மாற்றி இல்லாமல் நேரே செருகினால் மோட்டர் கருகிவிடும்.

சுவரும் அதற்குள் உள்ளவையும்

செங்கல்லையும் கொங்கிறீற்றையும் உருக்கு அலகால் துளைக்க முடியாது. 1920களில் ஜேர்மனியின் குருப் நிறுவனம் தங்குதன் காபைட்டு என்ற மிகக் கடினமான பொருளை 'விடியா' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. 'வைரத்தைப் போன்றது' எனப் பொருள்படும் ஜேர்மன் சொற்களின் சுருக்கம் அப்பெயர். மணித்தொழிலாளர் நாடிய வைரம் மலிவான மாற்றுருவில் மேசனின் கைக்கு வந்தது இப்படித்தான். 1932இல் பொஷ் நிறுவனம் சுழன்றபடியே இடிக்கும் மின்சுத்தியலைச் செய்தது. கொங்கிறீற்றை வெட்ட முடியாது. இடித்துப் பொடியாக்கி, பொடியைச் சுருளால் வெளியேற்றவே முடியும் என்பதை உணர்ந்து செய்த கருவி அது.

துளைக்குள் திருகாணி நிற்பதற்கும் ஒரு கதை உண்டு. பிரித்தானிய நூதனசாலையின் சுவர்கள் பழுதுபடாமல் பொருட்களைப் பொருத்த வேண்டிய தேவை எழுந்தபோது ஜோன் ரோலிங்ஸ் என்ற ஒப்பந்தகாரர் சணல் நாரால் ஒரு செருகியைச் செய்தார். நமது நாட்டில் இன்றும் சிலர் அதை 'ரோல் பிளக்' என்றே கேட்டு வாங்குகின்றனர். 1958இல் ஜேர்மனியரான ஆர்தர் ஃபிஷர் நைலோன் செருகியைக் கொண்டுவந்தார்.

செருகியின் அளவுக்கே அலகு இருக்க வேண்டும். ஆழம் செருகியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். துளையின் பொடியை வெளியேற்றிய பின்னரே செருக வேண்டும். உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லில் 'ஹமர்' விசையைத் தவிர்ப்பது நல்லது. உட்சுவர் உடைந்தால் செருகிக்குப் பிடிமானம் இராது. சுவருக்குள் வயரும் நீர்க்குழாயும் ஓடுகின்றன. சுவிச்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைப்பது வலியச் சென்று ஆபத்தைத் தேடுவதாகும்.

தூசியின் வரலாறு

இனிச் சொல்லப்போவது இக்கதையின் இருண்ட பக்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுரங்கங்களுக்கு அமுக்கக்காற்றுத் துறப்பணம் வந்தபோது, பாறைத் துளையிலிருந்து மேகம்போற் கிளம்பிய தூசி தொழிலாளரின் நுரையீரலைக் கல்லாக்கியது. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் அந்த இயந்திரத்துக்கு இட்ட பெயர் 'விதவையாக்கி'. ஜோன் லேய்னர் என்பவர் 1890களில் அலகின் நடுவே குழாய் விட்டு, அதன்வழியே காற்றை ஊதித் துகளை வெளியேற்றும் துறப்பணத்தைச் செய்தார். தூசி முன்னிலும் மோசமாகவே, தொழிலாளர் அதைத் தொட மறுத்தனர். அதன் பின்னரே அவர் அக்குழாயில் நீரையும் செலுத்தினார். தொழிலாளரின் மறுப்பு இயந்திரத்தைத் திருத்தியது.

ஆனால் தீர்வு தெரிந்திருந்தும் எல்லோரும் அதைக் கைக்கொள்ளவில்லை. 1930-31இல் மேற்கு வேர்ஜீனியாவின் ஹோக்ஸ் நெஸ்ற் சுரங்கவழி வெட்டப்பட்டது. சிலிக்கா செறிந்த பாறை அது. வேலை விரைந்து முடிய வேண்டுமென்று நீரின்றி உலர்துளையிட்டனர். தொழிலாளருக்கு முகக்கவசமும் கொடுக்கப்படவில்லை. அவர்களிற் பெரும்பான்மையோர் வேலை தேடித் தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள். 1936இல் அமெரிக்கக் காங்கிரஸ் துணைக்குழுவின் விசாரணையில் இறந்தோர் தொகை 476 எனக் கூறப்பட்டது. பிற்காலத்தில் இதை ஆராய்ந்த மருத்துவர் மார்ட்டின் செர்னியாக், 764 பேர் என்று கணித்தார். ஏழைகளின் சாவு என்பதால் சரியான கணக்கைக்கூட எவரும் வைத்திருக்கவில்லை.

அந்தப் பாறையிலிருந்த சிலிக்கா நமது வீட்டுச் சுவரின் மணலிலும் இருக்கிறது. ஒரு படம் மாட்டுவதற்கான இரண்டு துளைகளால் எவருக்கும் நோய் வராது. நாள் முழுவதும் சுவர் துளைத்துச் சம்பளம் பெறும் இளைஞனின் நிலை வேறு. முகத்தில் கைக்குட்டையைக் கட்டுவதால் அந்த நுண்தூசியைத் தடுக்க முடியாது. அதற்கென்ற வடிமுகக்கவசம் வேண்டும். நமது நாட்டில் எத்தனையோ வீடுகளின் கூரை அஸ்பெஸ்ரஸ் தகடு. அதைத் துளைக்கும்போது வெளிப்படும் நார்கள் புற்றுநோயை விளைவிப்பவை. இயன்றவரை துளைக்காமல் விடுவதே மேல். துளைத்தே ஆகவேண்டுமாயின் திறந்த வெளியில், தகட்டை நனைத்து, கையால் மெல்லச் சுழற்றும் துறப்பணத்தால் துளைக்க வேண்டும். வடிமுகக்கவசம் அப்போதும் கட்டாயம். கூலிக்கு ஆள் பிடிக்கும் நாம், கூலியோடு கவசத்தையும் கண்ணாடியையும் கொடுக்கிறோமா என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சந்திரனில் ஒரு துளை

1971ஆம் ஆண்டு அப்பலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொற், மின்கலத்தால் இயங்கும் துறப்பணத்தோடு சந்திரத் தரையில் நின்றார். வெப்பமானிகளை மூன்று மீற்றர் ஆழத்தில் இறக்குவது திட்டம். ஏறத்தாழ பாதி ஆழத்திலேயே அலகு இறுகிவிட்டது. குழாய்த்தண்டுகளின் மூட்டுகளில் சுருள் வாய்க்கால் தொடர்ச்சியாக அமையாததால் துகள் மேலேற வழியின்றி அடைத்துக்கொண்டமையே காரணம். மண் மாதிரிக்காக இறக்கிய மற்றொரு தண்டை ஸ்கொற்றும் ஜேம்ஸ் ஏர்வினும் சேர்ந்து தோள் கொடுத்து இழுத்தே வெளியே எடுக்க முடிந்தது. அந்த முயற்சியில் ஸ்கொற்றின் தோள் சுளுக்கிக்கொண்டது. அடுத்த பயணத்துக்கு முன் தண்டின் வடிவத்தைத் திருத்தினர். அப்பலோ 16இல் துளை இலகுவாக இறங்கியது.

துகள் வெளியேற வழி வேண்டும் என்று மோர்ஸ் 1863இல் கண்ட அதே உண்மை, நூற்றியெட்டு ஆண்டுகளின் பின் சந்திரனிலும் தன்னை நிலைநாட்டிக்கொண்டது. மின்சாரம் தோள்வலியைப் போக்கியது. மூன்று நாள் வேலையை மூன்று நிமிடமாக்கியது. ஆனால் எந்தப் பொருளை எப்படித் துளைப்பது என்று தீர்மானிக்கும் வேலையை அது இன்னும் நம்மிடமே விட்டுவைத்திருக்கிறது. வில்லை இழுத்த மணித்தொழிலாளி பிழை விட்டால் ஒரு மணி பிளந்தது. நிமிடத்துக்கு மூவாயிரம் தடவை சுழலும் கருவியை ஏந்தி நிற்பவர் பிழை விட்டால் இழப்பு அவ்வளவோடு நிற்பதில்லை.

ஆகவே பெட்டியோடு வரும் அந்தச் சிறு கையேட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். விசையை அழுத்துவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி அதை வாசியுங்கள்.